முடிஞ்சா பாரு மக்கா

ஜஸ்டஸ் பொய் சொல்லவில்லை. கொடுமையே அதுதான். பொய் சொல்லியிருந்தால் ஜெபல் அலி சர்ச்சில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணி, அவர் கொடுக்கிற ஜெபத்தைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டிருப்பார். உண்மையைச் சொல்லிவிட்டு முழித்துக் கிடக்கிறவனுக்கு எந்த ஃபாதர் என்ன ஜெபம் கொடுப்பார், சொல்லுங்கள்?

முட்டத்துக்காரர். துபாய் ஜெபல் அலியில் ஒரு பெரிய கிடங்கில் சூப்பர்வைசர். மற்ற சூப்பர்வைசர்கள் 'யல்லா, ஜல்தி' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ஒருத்தனும் அசைய மாட்டான். ஜஸ்டஸுக்கு அதட்டவே வராது. "முடிஞ்சா அதக் கொஞ்சம் பாரு மக்கா" என்று முனகுவார். அவ்வளவுதான், சோற்றில் கை வைத்திருந்தவன்கூட எழுந்துவிடுவான். அதில் மனுஷனுக்கு உள்ளூரப் பெருமை. தன் நல்ல குணத்துக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அங்கே பெட்டி ஏற்றி இறக்கும் வேலுச்சாமி எழுந்ததற்குக் காரணம் வேறு. சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஏஜென்டு யாருமில்லாமல் விசா எடுத்துக் கொடுத்தது ஜஸ்டஸ். வந்த புதிதில் கேம்ப்பில் இடமில்லை என்றபோது தன் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்ததும் ஜஸ்டஸ். அவன் அப்பா செத்துக் கிடக்கிறார் என்று போன் வந்தபோது மேனேஜர் கையைக் காலைப் பிடித்து லீவு வாங்கி, ஏர்போர்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டதும் அதே ஜஸ்டஸ். அப்படிப்பட்ட ஆள் 'முடிஞ்சா' என்றால், முடியாது என்று சொல்ல வேலுச்சாமிக்கு வாய் ஏது?

அன்றைக்கு ஆள் ஏற்றும் லிஃப்ட் ரிப்பேர். ரேக்கின் உச்சியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி சாய்ந்து சிக்கிக்கொண்டு நின்றது. வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ரேக்கில் யாரும் ஏறக்கூடாது என்று கம்பெனி சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறது. ஜஸ்டஸ் மேலே பார்த்தார், வேலுச்சாமியைப் பார்த்தார்.

"முடிஞ்சா ஏறி அதக் கொஞ்சம் தள்ளிவிடு மக்கா."

"சரிண்ணே."

ஏறினான். பெட்டி வந்தது. கூடவே அவனும் வந்தான்.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கீழே கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனைப் பார்த்து ஜஸ்டஸ் தேம்பித் தேம்பி அழுதார். அழுகை நடிப்பில்லை, நிஜம். ஆனால் பயமும் நிஜம். மகள் இங்கே ஸ்கூலில் படிக்கிறாள், மகன் காலேஜில் சேர வேண்டும். வேலை போனால் எல்லாம் கலாஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அவன் காதுப் பக்கம் சொன்னார்: "கம்பெனிக்காரன் வந்து கேப்பான் வேலு. முடிஞ்சா என் பேர இதுல இழுக்காமப் பாத்துக்கிடு, கேட்டியா?"

"சரிண்ணே."

அப்புறம் அந்த வார்த்தையை ஜஸ்டஸ் மறந்தே போனார். இல்லை, மறந்த மாதிரி வைத்துக்கொண்டார்.

வேலுச்சாமியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கால் இழுத்துக்கொண்டது. 'உன் திமிரில் ஏறினாய், உன் தப்பு' என்று கம்பெனி கையை விரித்தது. இன்ஷா என்று ஒரு வக்கீல் பெண், கீழக்கரைக்காரர் மகள், துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள், ஃபீஸ் வேண்டாம் என்று கேஸை எடுத்தாள். துபாயில் இருந்தாலும் இங்கிலீஷ் சட்டப்படி, இங்கிலீஷிலேயே நடக்கிற கோர்ட் அது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வேலுச்சாமி தன் இஷ்டத்துக்கு ஏறினானா, கம்பெனி ஏற்றிவிட்டு ஏறினானா?

கம்பெனி வக்கீல் ஜஸ்டஸைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார். ஏறச் சொல்லி உத்தரவு போட்டீர்களா? இல்லை, முடிந்தால் ஏறு என்று கேட்டேன். மறுத்திருந்தால் தண்டித்திருப்பீர்களா? ஐயோ, சத்தியமாக இல்லை. மறுத்தானா? இல்லை. ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ஊரிலிருந்து வீடியோவில் வந்த வேலுச்சாமியிடம் ஏன் ஏறினாய் என்று கேட்டார்கள். "ஏறணும்னு தோணுச்சுங்க, ஏறினேன்" என்றான். கேஸ் தோற்றுப்போனது. இன்ஷா அப்பீல் போட்டாள்.

அப்பீல் அன்று கம்பெனி பக்கம் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்று எச்.ஆர். முத்துராமன் ஜஸ்டஸையும் கூட்டிப் போனார். மேலே மூன்று ஜட்ஜுகள். நடுவில் இருந்தவர் லண்டன் அப்பீல் கோர்ட்டில் பெரிய பெரிய தீர்ப்பெல்லாம் எழுதிவிட்டு ரிட்டயர் ஆகி இங்கே வந்தவராம். பஞ்சு மாதிரித் தலை, காதில் மெஷின். இவருக்கு நம்ம ஆள்கள் விஷயம் என்ன தெரியப்போகிறது என்று ஜஸ்டஸ் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சுவரில் இருந்த திரையில் வேலுச்சாமி, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு தெரிந்தான். ஜஸ்டஸைக் கண்டதும் சிரித்தான். ஜஸ்டஸ் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டார்.

இன்ஷா பழைய இங்கிலீஷ் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மறுக்க வழியில்லாதவன் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது என்று அந்த ஊர்ப் பெரிய ஜட்ஜுமார் எந்தக் காலத்திலேயோ எழுதி வைத்துவிட்டார்களாம். கிழவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை உறுத்துவது வேறு. இந்த சூப்பர்வைசர் அதட்டவில்லை, கேட்டார். அவர் கேட்டால் இந்த மனிதரால் மறுக்க முடியுமா? இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன உறவு? அதைப் பற்றி எங்களிடம் ஒரு வரி சாட்சியம்கூட இல்லையே. இருந்தால் மதியத்துக்குப் பிறகு மனுப் போடுங்கள், கேட்கிறோம்."

சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜஸ்டஸ் நிமிர்ந்தார். அடப்பாவி மனுஷா, சரியாக அந்த இடத்தில்தானா கையை வைக்க வேண்டும்?

இடைவேளையில் வராந்தாவில் இன்ஷா ஓடி வந்தாள். "அங்கிள், ப்ளீஸ், ஒரு நிமிஷம். வேலுச்சாமி அண்ணன்கிட்ட தொண்டைத் தண்ணி வத்தக் கேட்டுட்டேன். இந்த ஒரு விஷயத்துல மட்டும் வாயைத் திறக்கவே மாட்டேங்கிறார். நீங்க சொல்லலாம் அங்கிள். நான் கேட்டா அவன் மறுக்க மாட்டான்னு ஒரே ஒரு வரி. இங்க விட்டா இதுக்கு மேல கோர்ட் கிடையாது."

நாலடி தள்ளி முத்துராமன் காபி மெஷினில் பட்டனை அழுத்திக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

ஜஸ்டஸ் முத்துராமன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான் சொல்ல வேண்டியத எல்லாம் அன்னைக்கே சொல்லிட்டேன் மோளே."

மதியம் கிழவர் கேட்டார். இன்ஷா எழுந்து, அப்படிச் சாட்சியம் ஏதும் இல்லை என்றாள். சொல்லும்போது திரும்பி ஜஸ்டஸைப் பார்த்தாள். திரையிலிருந்து வேலுச்சாமியும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

தீர்ப்பு வந்த அன்று ஜஸ்டஸ் லீவு. அவர் மனைவி சுகிர்தராணி நர்ஸ், இங்கிலீஷ் நன்றாக வரும். சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ரொம்பப் பெரிய தீர்ப்பாம். மறுக்க முடியாதவனின் சம்மதம் சம்மதமல்ல. மேலே இருப்பவன் அன்பாகக் கேட்டாலும் சரி, அதட்டிக் கேட்டாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. இனி அந்தக் கோர்ட்டுக்குப் போகிற தொழிலாளிகள் எத்தனையோ பேர் இதைக் காட்டி ஜெயிப்பார்களாம்.

"அப்ப வேலு?" என்றார் ஜஸ்டஸ்.

"கொஞ்சம் இருங்க." திரையைத் தள்ளினாள். "ஆனா, இந்த மனிதருக்கு மறுக்க முடியாமல் இருந்ததுன்னு எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். சூப்பர்வைசர் நேர்மையான சாட்சி என்று கீழ்க்கோர்ட் நம்பியிருக்கிறது, அதை நாங்கள் கலைக்க மாட்டோம். அப்பீல்காரரோ, கேட்டும் சொல்லவில்லை. அவர் மௌனத்தை நாங்கள் எங்கள் கற்பனையால் நிரப்ப முடியாது. வருத்தத்தோடு அப்பீலைத் தள்ளுபடி செய்கிறோம்." போனைக் கீழே வைத்தாள். "நேர்மையான சாட்சியாம். தூ. எனக்குத் தெரியாதா உங்க 'முடிஞ்சா'? கல்யாணம் ஆன நாளிலிருந்து அதக் கேட்டுத்தானே எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுறேன்."

அவள் டியூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். தட்டில் புட்டு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. வேலுச்சாமி.

எடுக்காமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். திட்டுவான். திட்டட்டும், செருப்பால் அடித்த மாதிரி நாலு வார்த்தை கேட்கட்டும், அப்போதாவது நெஞ்சில் இருக்கிற கல் இறங்கும் என்று எடுத்தார். வேலுச்சாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்துச் சுவரில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.

"அண்ணே, வக்கீலம்மா சொல்லிருச்சு. விடுங்கண்ணே, நம்ம தலையெழுத்து. நீங்க சாப்பிட்டீங்களா? முகமெல்லாம் ஏன் இப்படிக் கெடக்கு?"

"வேலு... நான் சொல்லியிருக்கணும் மக்கா. அந்த வெள்ளைக்காரன் வெளிப்படையாக் கேட்டான். நான் சொல்லாமப் போயிட்டேன்."

"அட, நீங்க எப்படிண்ணே சொல்லுவீங்க? பிள்ளைக படிக்குது." அவன் குரலைத் தணித்துக்கொண்டு, திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான். "ஆஸ்பத்திரில நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்கள்ல, உங்க பேர இழுக்க வேணாம்னு. கடைசி வரைக்கும் இழுக்கலண்ணே. அந்தம்மா எவ்வளவோ கெஞ்சுச்சு. வீட்ல இவளும் மண்டைய ஒடைச்சா. நான் மூச்சு விடல. இப்ப உங்க வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையேண்ணே?"

ஜஸ்டஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏம்ல சொல்லாம இருந்த? பாவி, ஏம்ல? காலு போச்சு, கேஸும் போச்சு. எனக்கு முடியாதுண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

வேலுச்சாமிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"அதெப்படிண்ணே? நீங்க கேட்டுட்டீங்களே."

ஜஸ்டஸ் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அண்ணே, லைன்ல இருக்கீங்களா? அண்ணே?" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது.