ஜெபத்தில் கருகிய முதல் ஈடு

அன்று முடிச்சூரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: ஜீவரத்தினமாகிய நான், என் மனைவி தபீதாள், எங்கள் ஒரே மகள் ஜெரூஷா, அவளைப் பெண் பார்க்க அஸ்தினாபுரத்திலிருந்து வந்த ஆஸ்டின், அவனுடைய தாயார் ஹெப்சி, தாய்மாமன் ஆபேல். வேறு ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது.

ஜெரூஷாவுக்கு முப்பத்து நான்கு வயது. சேலையூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு ஓர் இடம் நிச்சயமாகி, ஆலயத்தில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வருமுன் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சபையார் முன்னால் அறிவித்த கல்யாணம் நின்றுபோனால் எல்லோரும் பெண் வீட்டைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களும் பஜ்ஜியைத் தின்று, காப்பியைக் குடித்து, ஊருக்குப் போய்த் தரகர் மூலம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அனுப்பினார்கள். என் மகளை வேண்டாம் என்று இன்னொரு குடும்பம் சொல்லிக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இந்த இடம் அமைந்துவிட வேண்டும். அன்று எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

தபீதாளுக்கு முழங்கால் வலி. அடுப்படியில் நிற்க முடியாது. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து வந்த ஜெரூஷா, சேலைகூட மாற்றாமல் பஜ்ஜி மிளகாயைக் கழுவி ஒவ்வொன்றாகக் கீறி விதையை வழித்துப் போட்டாள். உள்ளே புளியும் உப்பும் தடவினாள். கடலை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, மிளகாய்த்தூள், ஓமம், பெருங்காயம் எல்லாம் கை பழகிய அளவு. கரண்டியைத் தேடவில்லை, கிண்ணத்தைத் தேடவில்லை. தூங்குகிறவள் நடப்பதுபோல் வேலை நடந்தது.

"கடையில வாங்கிடலாமேப்பா. நம்ம ரோட்டு முனையிலயே சூடா போடுறாங்க," என்றாள்.

"நம்ம வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கடைப் பலகாரம் வைக்கிறதில்ல."

"எண்ணெய்ச் சட்டிக்கே நம்மளப் பாத்து அலுத்துப் போயிருக்கும்."

"காரத்தைக் குறைச்சுப் போடு," என்றாள் தபீதாள், கூடத்து நாற்காலியிலிருந்து. "போன தடவை வந்தவரு சொம்புத் தண்ணிய முழுசா குடிச்சாரு."

"குடிச்சிட்டு, பொண்ணு கறுப்புன்னுதாம்மா சொல்லி அனுப்பினாரு. காரம்னு சொல்லலையே."



நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. முன்பு பல்லாவரத்திலிருந்து பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், ஜெபம் நடக்கும்போது அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்டது, இந்த வீட்டில் தேவபயம் இல்லை என்று தரகரிடம் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டைப் பற்றி அப்படி ஒரு சொல் இரண்டாம் முறை வரக் கூடாது.

"ஜெபம் ஆரம்பிச்சா ஆமென் சொல்ற வரைக்கும் நின்ன இடத்துல நிக்கணும். ஒரு சத்தம் வரக் கூடாது," என்றேன்.

"சட்டியில பஜ்ஜி கிடந்தா?"

"கிடக்கட்டும்."

"சரிப்பா," என்றாள்.

நான்கு மணிக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். வெள்ளத்தில் பழையது கெட்டுப்போன பிறகு வாங்கிய சோபாவில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஆஸ்டின் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். கண்ணாடி போட்ட, சாதுவான முகம். ஆபேல் அவர்கள் சபையில் மூப்பர். கேசரித் தட்டுகளைத் தபீதாள் மேஜையில் வைத்ததும், பஜ்ஜி சூடாக வரட்டும் என்று ஜெரூஷா முதல் ஈட்டை எண்ணெயில் போட்டாள். அந்தச் சலசலப்பு கூடம் வரை கேட்டது. முறைப்படி, வந்தவர்களில் மூத்தவரைச் சாப்பாட்டு ஜெபம் செய்யச் சொன்னேன். சாப்பாட்டு ஜெபம் என்றால் நான்கு வரி.

ஆபேல் எழுந்து நின்று ஆபிரகாமில் ஆரம்பித்தார்.

ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி ஊழியக்காரன் புறப்பட்டான். பத்து ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு அவன் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது அடுப்படியிலிருந்து நல்ல வாசனை வந்தது. ரெபெக்காள் தோளிலிருந்து குடத்தை இறக்கியபோது மாவு தீயும் வாசனை. முதல் ஒட்டகம் தண்ணீர் குடிப்பதற்குள் மிளகாய் கருகும் நெடி கூடத்தில் ஏறிவிட்டது. தபீதாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். ஹெப்சிக்குப் புரை ஏறியது. ஆபேலுக்கும் தொண்டை அடைத்தது. அவர் செருமிக்கொண்டு அடுத்த ஒட்டகத்துக்குப் போனார்.

நான் கண்ணைத் திறந்தேன். ஆஸ்டினும் திறந்திருந்தான். அவன் இருந்த இடத்திலிருந்தும் அடுப்படி நேராகத் தெரியும். புகைக்கு நடுவில் ஜெரூஷா சட்டிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளும் கண்ணை மூடவில்லை. எங்கள் இருவரையும் பார்த்தாள். ஆஸ்டின் எழுந்திருப்பதுபோல் ஒரு கணம் அசைந்தான். பக்கத்தில் தாயாரைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆமென் சொன்னதும் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் நீட்டிட்டேனோ?" என்று ஆபேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு ஒட்டகத்தையாவது தண்ணி காட்டாம விட்டிருக்கலாம்ணா," என்றாள் தபீதாள். எல்லோரும் இருமலோடு சிரித்தார்கள். நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன்.

ஜெரூஷா எண்ணெயை மாற்றி இரண்டாவது ஈட்டைப் போட்டுக் கொண்டுவந்தாள். பொன்னிறமாக, மொறுமொறுப்பாக இருந்தது. சாப்பிட்டார்கள். ஆபேல் மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டார். "பஜ்ஜி நல்லா இருக்கு, ஆன்ட்டி," என்று ஆஸ்டின் தபீதாளைப் பார்த்துச் சொன்னான். செய்தவள் பக்கத்தில்தான் நின்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஹெப்சி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கருகுற நெடி எனக்கும் தெரிஞ்சுது. ஆனா பொண்ணு நகரலையே! இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஜெபத்துலயே போனைப் பாக்குதுங்க. இது கருகினாலும் கருகட்டும்னு நின்னுச்சு பாருங்க. எனக்கு இப்படி ஒரு மருமகதான் வேணும். எங்களுக்குச் சம்மதம். என்னடா?"

"நீங்க சொன்னா சரிதாம்மா," என்றான் ஆஸ்டின்.

சம்மதம் என்ற அந்த வார்த்தையை என் வீட்டுக் கூடத்தில் கேட்டு எத்தனை காலமாயிற்று. தபீதாளின் கண் கலங்கிவிட்டது. நான் ஒரு நிமிடம் என்று சொல்லி அடுப்படிக்குப் போனேன்.

ஜெரூஷா கருகிய பஜ்ஜிகளைப் பழைய பேப்பரில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க சொன்னது கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு."

"உனக்கு?"

"வேண்டாம்ப்பா."

"ஏன்? பையன் மேல எதுவும் குறை..."

"அவரும் பாத்தாருப்பா. எழுந்து வரலை. நீங்களும்தான் பாத்தீங்க." குரலை உயர்த்தவில்லை. பேப்பரை மடித்தாள். "நான் பக்தியில நிக்கலை. நீங்க சொன்னீங்க, நின்னேன். அதுக்காக என்னைப் பிடிச்சிருக்குங்கறாங்க. அந்த வீட்டுல ஆயுசு பூரா அப்படியே நிக்கணும். எனக்குக் கால் வலிக்குதுப்பா."

மாவு காய்ந்த அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் காத்திருந்தார்கள். இந்தச் சம்மதத்தை விட்டால் இன்னொன்று வருமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னா நானே போய்ச் சொல்லிடறேன்," என்றாள்.

"நீ சொல்ல வேண்டாம். அதுக்கு நான் இருக்கேன்."

அவர்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். வீடு தேடி வந்தவர்களுக்கு அந்த மரியாதை உண்டு. பிறகு எழுந்து நின்று சொன்னேன்:

"எங்களுக்கு இது சரியா வராதும்மா. இவ்வளவு தூரம் வந்தீங்க, மன்னிக்கணும்."

ஹெப்சிக்குப் புரியவில்லை. "அண்ணே, நாங்க சம்மதம்னுதானே சொன்னோம்?"

"கேட்டுச்சும்மா."

தபீதாள் என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்படியைப் பார்த்தாள். காலிக் குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். ஆஸ்டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"முடிக்கிறதுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுக் கெளம்பலாமா?" என்று ஆபேல் மெதுவாகக் கேட்டார்.

"சுருக்கமா பண்ணுங்கண்ணா," என்றாள் தபீதாள்.

இரண்டே வரியில் முடித்தார். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

பஜ்ஜி கருகிப்போனதால் அஸ்தினாபுரத்தார் பெண்ணை வேண்டாம் என்று பாதியில் எழுந்து போய்விட்டதாக இப்போது எங்கள் சபையில் ஒரு பேச்சு நடமாடுகிறது. அது தவறு. அவர்கள் சம்மதம் சொன்னார்கள். வேண்டாம் என்றது நாங்கள்.