அத்தை ஜாடை

அக்கா சபின் மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது, உழவர்கரை வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் அப்பாவின் தங்கையும் அதே நோயில் போனதை நினைவுபடுத்தினார்கள்.

"அவளுக்கு அத்தை ஜாடை. நீ என்னை உரிச்சு வச்சிருக்க, உனக்கு வராதுடி," என்றாள் அம்மா.

மரபணுச் சோதனைக்காகப் பாரிஸுக்கு அனுப்பிய என் ரத்தத்தின் முடிவு 2008இல் வந்தது. அந்த நோயைக் கொண்டுவரக்கூடிய பழுதான மரபணு எனக்கும் இருந்தது.

"ஒவ்வொரு செல்லுலயும் அந்த மரபணு ரெண்டு இருக்கும். உங்களுக்கு ஒண்ணு பிறவியிலயே பழுது. மார்புல ஏதாவது ஒரு செல்லுல இன்னொண்ணும் கெட்டா, அங்க ஆரம்பிச்சிடலாம்," என்றார் டாக்டர்.

"இவ என் ஜாடையாச்சே டாக்டர்."

"செல்லு மூஞ்சியப் பாக்காதும்மா," என்று சொல்லிவிட்டு, இரண்டு மார்பகங்களையும் எடுக்க டாக்டரிடம் நாள் குறிக்கச் சொன்னேன்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது, அம்மா என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் என் ஜாடைதான்," என்றாள்.