ஐஸ் பெட்டியில் ஆறு நாள்

மீன் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிய குணசுந்தரி, வஞ்சிரத்துக்கு அடியிலிருந்து உரக்கடை பாட்டிலை எடுத்துக் கணவர் ஜெகதீசனிடம் பெருமையாகவே நீட்டினாள். ஆறு நாளாகப் பத்திரமாக வைத்திருந்தாளாம். உள்ளே இருந்தது கல்லாக உறைந்திருந்தது. முப்பது வருசமாகத் திருவொற்றியூரில் மீன் விற்கிறவள். கெடக்கூடாது என்றால் ஐஸில் போட்டு மேலே கல்லுப்பைத் தூவ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. உயிருள்ள சரக்கு, சூடு ஆகாது என்று ஜெகதீசன் சொன்னதை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் மாடியில் இருக்கும் மல்லிச் செடிக்காக. மகன் தீபன் செங்குன்றத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து, நீல டிரம்மைப் பாதியாக அறுத்து நட்ட செடி. அவன் போன விசைப்படகு திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. வருசத் திதிக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. அன்றைக்கு அந்தச் செடியின் பூவைத்தான் கடலில் விட வேண்டும் என்று குணசுந்தரி பிடிவாதமாக இருந்தாள். செடியோ இலை இலையாகத் தள்ளியதே தவிர, ஒரு மொட்டு வைக்கவில்லை.

டோல்கேட்டில் உரக்கடை வைத்திருக்கும் ராமசுப்பு அண்ணாச்சி, ஆறு நாளுக்கு முன் ஜெகதீசன் கொண்டுபோன மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். பூப்பதற்கு வேண்டிய மணிச்சத்து இல்லாமல் இல்லை, செம்மண் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது, வேருக்கு விட மாட்டேன் என்கிறது என்றார். ராக் பாஸ்பேட் கல்தூளைப் போட்டு, மேலே பாஸ்போபாக்டீரியா ஊற்றச் சொன்னார். பாட்டில் கையோடு கிடைத்தது. தூள் வர ஆறு நாள் ஆகும் என்றார். ஜெகதீசனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. துறைமுகத்தில் கப்பல் கப்பலாக அந்தக் கல்லை இறக்கியவர் அவர். இன்றைக்கும் இருமினால் அந்தத் தூசியின் ருசி நாக்கில் வருவது போலிருக்கும். அந்தக் கல்லைக் கரைத்துச் செடிக்கு ஊட்டக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது தூள் வாங்க வந்த ஜெகதீசன் கையோடு கொண்டுவந்த உறைந்த பாட்டிலை அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உப்பு ஐஸ்லயா வச்சிய? இதை நம்பி ஊத்தாதீய. உள்ள இருக்கது முக்காவாசி செத்திருக்கும்."

ஜெகதீசன் வேறு பாட்டிலும் தூளும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அவளிடம் சொல்லாமல் மாற்றி ஊற்றிவிடலாம் என்றுதான் வழி முழுக்க நினைத்தார். சொல்லாமல் இருப்பது அவருக்குப் பழக்கமான வேலை. ஆனால் குணசுந்தரி மாடியில் டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாட்டிலை வாங்கியதும் கை நின்றுவிட்டது. ஐஸின் ஈரம் இல்லை, மீன் வாடையும் இல்லை.

"இது வேற. அது இன்னா ஆச்சு?"

அவர் சொன்னார். அவள் அழவில்லை. புடவை முந்தானையில் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"இதையும் நான்தான் சாவடிச்சேனா?"

அந்த 'இதையும்' எதைத் தொட்டு வருகிறது என்று ஜெகதீசனுக்குத் தெரியும். உடம்பு சரியில்லை, இன்றைக்குப் போகவில்லை என்று அந்த விடியற்காலையில் தீபன் படுத்தே கிடந்தான். போட்டில் ஐஸ் ஏற்றியாகிவிட்டது, வீணாகிவிடும், போய்விட்டு வா என்று இவள்தான் எழுப்பினாள். பதினொரு மாதமாக வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அவர் பேசாததையே அவள் குற்றச்சாட்டாக வாங்கி வைத்திருக்கிறாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தூளைப் பிரித்து டிரம்மில் கொட்டினார். கை மணிக்கட்டு வரை வெளுத்துப்போனது. மண்ணைக் கிளறிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு நானும் முழிச்சுக்கினுதான் இருந்தேன், குணா. நீ எழுப்புனது கேட்டுச்சு. அவன் காய்ச்சலும் தெரியும். போவாதடானு நான் ஒரு வார்த்த சொல்லல. ஐஸ் வீணாப் பூடுமேனு நானும்தான் நெனச்சேன்."

கீழே எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வெயில் நகர்ந்து டிரம்மின் விளிம்புக்கு வந்தது. குணசுந்தரி பாட்டிலைச் சூடு படாமல் மடியில் வைத்து முந்தானையால் மூடினாள். பிறகு இடம் மாறி, வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் செடியின் அடிமண்ணில் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.