பாதியான காசும் நாற்பது மூட்டை வெங்காயமும்

1994 ஜனவரி 12, புதன்கிழமை காலை. சினாலி கரபெந்தாவின் லாரி பந்தியாகரா மேட்டின் பாறைச் சரிவில் முக்கி முனகி ஏறி வந்து நின்றபோது, யாத்திமேயும் மற்றப் பெண்களும் அணையோரத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சினாலி ஆற்றங்கரை போஸோ இனத்தவன். வாரத்துக்கு ஒரு முறை புகைபோட்ட மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திரும்பும்போது மேட்டுச் சரக்கை மோப்திச் சந்தைக்கு ஏற்றிப் போவான்.

இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினான்.

"அடிமைங்களா! எசமான் வந்திருக்கேன், எல்லாரும் எந்திரிங்க!"

"யாருடி அது?" என்றாள் யாத்திமே, நிமிராமலே. "ஆத்துல கெடந்த கெளுத்தி ஒண்ணு கரையேறி வந்து பேசுதா?"

பெண்கள் சிரித்தார்கள். போஸோவைக் கண்டால் மேட்டு டோகோன் இனத்தவர் திட்ட வேண்டும், டோகோனைக் கண்டால் போஸோ திட்ட வேண்டும். யாரும் கோபப்படக் கூடாது. ஒருவர் முறையோடு கேட்டதை மற்றவர் மறுக்கவும் கூடாது. இரண்டு இனத்துக்கும் இடையே எந்தக் காலத்திலோ ஏற்பட்ட உடன்படிக்கை அது. இன்றுவரை அதை மீறியவர்களை யாத்திமே பார்த்ததில்லை.

"சிரிங்க, சிரிங்க," என்றான் சினாலி. "நேத்து ராத்திரியோட உங்க காசு பாதியாப் போச்சு. ரேடியோவுல சொல்லிட்டான். வெள்ளைக்காரன் காசு ஒண்ணுக்கு நம்ம காசு அம்பதுன்னு இருந்துச்சுல்ல? இன்னையிலேருந்து நூறு."

"அப்படியா? உன் காசு?" என்றாள் யாத்திமே.

அவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிரில் பத்தொன்பது டோகோன் பெண்கள் நின்றார்கள். அவன் நாக்கு பழக்கதோஷத்தில் மேலும் நீண்டது.

"எங்க காசு முழுசா இருக்கு. வெங்காயம் தின்னு நாத்தம் புடிச்ச கையில பட்ட காசு மட்டுந்தான் பாதி."

போன வருஷம், அழுகிற கண்ணுக்கெல்லாம் அரசாங்கம் வரி போடப்போகிறது, வெங்காயக்காரர்கள் தொலைந்தார்கள் என்று சொன்னவனும் இவன்தான். யாகெனே என்ற இளம்பெண் ஒரு வெங்காயத்தை எடுத்து அவன் முதுகைக் குறிவைத்து எறிந்தாள். அடுத்தடுத்து நாலைந்து பறந்தன. சினாலி அவற்றையெல்லாம் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, "அடிமைங்க எசமானுக்குக் கப்பம் கட்டுறாங்க" என்று லாரியடி நிழலில் படுக்கப் போனான்.

அன்று பிற்பகல் வெங்காய வியாபாரி ஹமிது கிந்தோ வந்தார். மோப்தியில் குடியிருந்தாலும் அவரும் டோகோன்தான். வழக்கமாகத் திங்கள் சந்தைக்கு வருகிறவர் புதன்கிழமை வந்திருக்கிறாரே என்று யாத்திமேக்குத் தோன்றியது. ஆனால் நலம் விசாரிப்பு முடியவே நேரமாயிற்று. வீட்டார் நலமா, ஆடுகள் நலமா, கிணறு நலமா, வெங்காயம் நலமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நலம் என்று பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, போன வருஷம் மூட்டைக்கு ஒம்பதாயிரம் குடுத்தேன். இந்தத் தடவை பத்தாயிரம் தர்றேன். நாப்பது மூட்டையையும் நாளைக்கே அனுப்பிடணும்."

"என்ன அண்ணே, கேக்காமலே ஆயிரம் ஏத்துறீங்க?"

"உங்க வெங்காயம் நல்ல வெங்காயம். அதுக்குத்தான்."

யாத்திமே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாலு லட்சம் பிராங்க். மோப்தியில் சில்லா என்பவரின் கடையில் ஜப்பான் தண்ணீர்ப் பம்பு ஒன்று மூன்றரை லட்சத்துக்கு நின்றது. ஆறு மாதமாக அவள் அதைப் போய்ப் போய்ப் பார்த்து வந்திருந்தாள். அணைத் தண்ணீரைச் சுரைக்குடுவையில் மொண்டு, தலையில் சுமந்து, பாத்தி பாத்தியாக ஊற்றுவதுதான் இந்தப் பெண்களின் விவசாயம். ஒருத்திக்கு ஒரு நாளைக்கு நூறு நடை. அந்தப் பம்பு வந்துவிட்டால் அத்தனை கழுத்தும் பிழைக்கும்.

உள்ளங்கையில் உள்ளங்கை வைத்து யாத்திமே வாக்குக் கொடுத்தாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

மறுநாள் வியாழன், மோப்திச் சந்தை நாள். சினாலியின் லாரியில் மூட்டைகளின் மேல் யாத்திமேயும் யாகெனேயும் உட்கார்ந்து வந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று யாத்திமேக்குப் பட்டது. பாதிக் கடைகள் கதவைச் சாத்தியிருந்தன. அரிசிக் கடை வாசலில் ஒரே கூச்சல். இவர்கள் கேட்ட டீ நேற்றைய விலையைப் போல இரண்டு மடங்கு.

எதிரே ஒரு கழுதை வண்டிக்காரனும் இரண்டு மடங்கு கூலி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் அவனை மடக்கினார்.

"அரிசி கப்பல்ல வருது, சரி. உன் கழுதையும் கப்பல்லயா வந்துச்சு?"

"கழுதை இங்கதான் பொறந்துச்சு, பெரியவரே. ஆனா அதை ஓட்டுறவன் அரிசி தின்னுறானே!"

யாத்திமே நேரே சில்லாவின் கடைக்குப் போனாள். பம்பு அங்கேயேதான் நின்றது. அதன் கழுத்தில் தொங்கிய சிலேட்டில் பழைய எண் அழிக்கப்பட்டு ஏழு லட்சம் என்று எழுதியிருந்தது.

"என்ன சில்லா அண்ணே இது?"

"காசு பாதியாயிருச்சும்மா. செவ்வாக்கிழம ராத்திரி அறிவிச்சிட்டாங்க. இனிமே இதை வாங்கணும்னா எனக்கே அந்த விலை."

யாத்திமே அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க போஸோவா?"

"இல்லம்மா, சோனின்கே. ஏன்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போஸோ இல்லாத ஒருவர் சொல்கிறார் என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏன் அண்ணே, இருக்குற காசை எவனாவது வேணும்னே பாதியாக்குவானா?"

சில்லா கடை ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். காலையிலிருந்து இருபது பேருக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடமே ஆகியிருந்தது.

"ரேடியோவுல என்ன சொல்றாங்கன்னா, இதனால வெளிநாட்டுச் சாமான் நமக்கு விலை ஏறும், நம்ம சாமான் அவங்களுக்கு மலிவாகும். அதனால நம்ம சரக்கு விக்குமாம். எனக்கு அதுல என்ன வந்துச்சு? நான் விக்கிறது பூரா வெளிநாட்டுச் சாமான். என் தம்பி மருந்துக் கடை வெச்சிருக்கான். காய்ச்சல் மாத்திரைக்கு வர்றவங்க விலையைக் கேட்டுட்டு அப்படியே திரும்பிப் போறாங்களாம். அதைப் பாத்தா வயிறு எரியுது. ஆனா மாட்டுச் சந்தைக்காரன் காலையிலேருந்து பாட்டுப் பாடிக்கிட்டுத் திரியுறான். ஏன்னு கேட்டா, கடற்கரை அபிஜான்லயும் இதே காசுதான், அங்க கப்பல்ல வர்ற கறியெல்லாம் விலை ஏறிடும், இனி என் மாடுதான் போகும்ங்கிறான்."

யாத்திமே ஸ்டூலை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள்.

"அபிஜான்ல ஹாலந்து வெங்காயம் விக்குதுல்ல?"

"விக்குது. பெரிசு பெரிசா."

"அதுவும் இப்ப ரெண்டு மடங்கா?"

"பின்னே?"

"அப்ப எங்க வெங்காயம்?"

சில்லா சிரித்தார். யாத்திமே எழுந்து வெளியே வந்தாள். லாரிப் படியில் உட்கார்ந்து சினாலி பல் குத்திக்கொண்டிருந்தான்.

"டேய் மீன்முள்ளே! நெசமான சேதியை ஏண்டா ஒழுங்காச் சொல்லல?"

"சொன்னேனே! நீங்கதான வெங்காயத்தால அடிச்சீங்க?"

"நெசம்னா மூஞ்சியை நெசமா வெச்சுக்கிட்டுச் சொல்லணும்."

"இருக்குறதே ஒரு மூஞ்சிதான். அதைப் பாத்தா நீங்க சிரிக்கிறீங்க, நான் என்ன பண்ண?" என்றவன், அவள் கண்ணைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "என்னாச்சு?"

அவள் ஹமிதுவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னாள். சினாலி நீளமாக விசிலடித்தான்.

"அதான் நேத்து வண்டியைப் பறக்கவிட்டுட்டு வந்தாரா! அவரு வீட்டுல ரேடியோ இருக்கு. உங்க ஊருல நான்தான் ரேடியோ." பிறகு சேர்த்துக்கொண்டான்: "எனக்கும் நாசம்தான். என் தம்பிங்க வலை கொரியா நைலான். காலையில கேட்டேன், ரெண்டு மடங்காம்."

ஹமிதுவின் கிடங்கு முற்றத்தில் அபிஜான் போகும் பெரிய லாரி தயாராக நின்றது. மூட்டைகளை இறக்கி அடுக்கினார்கள். யாத்திமே சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அண்ணே, நேத்து வந்தப்ப உங்களுக்குத் தெரியும், இல்ல?"

ஹமிது பொய் சொல்லவில்லை. "தெரியும். தெரிஞ்சதனாலதான் கேக்காமலே ஆயிரம் ஏத்துனேன். டீசலும் ஏறும், டயரும் ஏறும், தங்கச்சி. வழியில வெங்காயம் அழுகினா அது என் தலையில. வியாபாரம்னா அப்படித்தான். கை குடுத்தாச்சு."

"கை குடுத்தாச்சு," என்றாள் யாத்திமே. வேறென்ன சொல்வது? கொடுத்த வாக்கை மீறினால் அடுத்த சந்தையில் அவள் எந்த முகத்தோடு நிற்பாள்? யாகெனே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சினாலி அடுக்கிய மூட்டைகளின் உச்சியில் ஏறிப் படுத்தான். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மடியிலிருந்த வெங்காயம் ஒன்றை உரித்துக் கடித்தான்.

"சினாலி, எறங்கு. லோடு ஏத்தணும்," என்றார் ஹமிது.

"எதை ஏத்துறீங்க? இது என் வெங்காயம். அடிமைங்க விளைச்சது எசமானுக்குத்தானே சொந்தம்? எசமானைக் கேக்காம வித்திருக்காங்க. செல்லாது."

சுமைதூக்கிகள் சிரித்தார்கள். ஹமிதுவும் சிரித்தார், கொஞ்சம் கஷ்டப்பட்டு. டோகோனான அவர், போஸோ ஒருவனைப் பிடித்துக் கீழே தள்ள முடியாது. அதட்டவும் முடியாது. சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு பிராங்க் எடுத்து நீட்டினார்.

"இந்தாப்பா உன் பங்கு. எடுத்துக்கிட்டு எறங்கு."

"இது பாதிக் காசு. மீதிப் பாதி எங்க?"

தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹமிது ஆயிரமாக்கினார். சினாலி திரும்பியும் பார்க்கவில்லை. வெங்காயத்தின் காரத்தில் அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. அதையும் அவன் வீணாக்கவில்லை.

"ஐயா, பாருங்க, அழுறேன்! நேத்து இந்தப் பொம்பளைங்க கிட்ட காசு பாதியாச்சுன்னு நான் சொன்னேன். நம்பாம ஏமாந்துட்டாங்க. இந்த விலைக்கே வித்துட்டுப் போனா ஊர் என்ன பேசும்? 'சினாலி அன்னைக்கு உண்மையத்தான் சொன்னான், நாமதான் கேக்கல'ன்னு பேசும்! ஒரு போஸோ டோகோன்கிட்ட உண்மை பேசினான்னு பேர் வந்தா என் வீட்டுல எனக்குச் சோறு போடுவாங்களா? ஹமிது கிந்தோ, முறையோட கேக்குறேன். என் மானத்தைக் காப்பாத்துங்க!"

முற்றமே அதிர்ந்தது. ஒரு சுமைதூக்கி சிரிப்பு தாளாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். முறையோடு என்ற சொல் வந்த பிறகு அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஹமிது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"எனக்கா? நான் வெறும் எசமான். விலை பேசுறது என் அடிமையோட வேலை."

எல்லாரும் யாத்திமேயைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பதினெட்டாயிரம்."

"பதினஞ்சு. டீசலை நெனச்சுப் பாரு தங்கச்சி."

"நெனச்சேன் அண்ணே. அதான் இருவதுன்னு கேக்கல."

"பதினாறு."

மூட்டை மேலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

"சரி, பதினேழு!" என்றார் ஹமிது. "முதல்ல இந்தக் கெளுத்தியை எறக்குங்க!"

பணத்தை மடியில் முடிந்துகொண்டு யாத்திமே கிட்டத்தட்ட ஓடினாள். விலைகள் மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்த நாள் அது. கூடவே வந்த சினாலியிடம், "அபிஜான்ல கப்பல் மீனும் விக்குதுதானே? அதுவும் ஏறுமே. உன் மீனுக்கும் நல்ல காலம்தான்," என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "போடி, டோகோன்காரி எனக்கு மீன் வியாபாரம் சொல்லிக் குடுக்க வந்துட்டா!"

கடையில் சில்லா ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்துவிட்டுச் சாக்கட்டியைக் கையில் எடுத்திருந்தார். யாத்திமே உள்ளே பாய்ந்து சிலேட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"எழுதாதீங்க அண்ணே!"

"கையை எடும்மா. மொத்த வியாபாரி இப்பத்தான் புது விலை சொல்லி அனுப்பினான்."

"இந்தப் பம்பு எப்ப வந்துச்சு?"

"போன மழைக்காலத்துல."

"அப்ப இது பழைய காசுல வந்த பம்பு. ஆறு மாசமா இதுமேல தூசி படியாம தொடைச்சது யாரு? வாரா வாரம் நான்தான். ஆறு லட்சத்து எம்பதாயிரம் இருக்கு. வீட்டுக்குப் போற டீக்காசுகூட மிச்சமில்ல."

சில்லா அவள் கையையும் சிலேட்டையும் பார்த்தார். இந்த விலைக்கு இன்னொரு ஆள் எந்த மாதம் வருவானோ என்றும் அவர் யோசித்திருக்க வேண்டும். சாக்கட்டியை மேஜையில் வைத்தார்.

"குழாய் அஞ்சு மீட்டர்தான் தருவேன்."

"பத்து."

"எட்டு. டீ நான் வாங்கித் தர்றேன்."

வெயில் தாழும் நேரத்தில் லாரி மேட்டைப் பார்த்துத் திரும்பியது. பம்பைக் கோணியில் சுற்றி நடுவில் வைத்து, யாகெனே அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தாள். அதைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னாள்.

"போன திங்கக்கிழமை வாங்கியிருந்தா இது பாதி விலை, அக்கா."

"போன திங்கக்கிழமை நம்ம வெங்காயம் மண்ணுக்குள்ள இருந்துச்சு," என்றாள் யாத்திமே. "குழாயை நல்லாப் புடி. மேடு வருது."