ஆண்டாளம்மாள் சொன்ன அளவு

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து ஆள் வருவார், மிஷினை விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று என் கணவர் வரதன் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பேசி முடித்திருக்கிறார்! உத்திரமேரூர் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, நானே பூட்டிய மிஷின் அது. கணினியில் வரைந்து கொடுத்தால் பலகையை அப்படியே வெட்டித் தரும். இதுவரை வெட்டியது ஒரு மயிலும் இரண்டு சாவி மாட்டியும்தான், ஒத்துக்கொள்கிறேன்.

"அறுப்பு முடிஞ்சா மூட்டைய எங்க அடுக்கறது? ரூம்பு பூரா இது குந்திக்கினு கீது," என்றார்.

காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை மாமியார் ஆண்டாளம்மாளுடையது. அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "ஆளு வர்றதுக்குள்ள வூட்டுக்கு உருப்படியா ஒண்ணு செஞ்சி காட்டு. வெச்சிக்கலாம். இல்லாங்காட்டி போவட்டும்."

மிஷினைப் பூட்டியதுகூடப் பெரிதில்லை. அதற்கு மென்பொருள் தேடியதுதான் பேஜார். வரைய ஒன்று வேண்டும். வரைந்ததை எந்த வழியில், எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுவது என்று மிஷினுக்குச் சொல்ல இன்னொன்று. முதலில் எடுத்தது முப்பது நாள் இலவசம். முப்பத்தொன்றாம் நாள் அது கேட்ட சந்தாவுக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம். அடுத்தது காசு கேட்கவில்லை, எந்நேரமும் நெட் கேட்டது. எங்கள் வீட்டில் நெட் வேண்டுமென்றால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவதில் அழகாக வரையலாம், ஆனால் ஒரு துளையை நகர்த்தினால் மற்றதையெல்லாம் மறுபடி வரையணும். கடைசியில் ஃப்ரீகேட் என்ற மென்பொருளில் வந்து நின்றேன். காசு இல்லை, நெட் வேண்டாம், வரைவதும் வெட்டச் சொல்வதும் ஒன்றிலேயே. கற்றுக்கொள்ள இரண்டு மாதம் அழுதேன், அது வேறு கதை. அளவுகளை ஒரு பட்டியலில் எழுதி வைத்துவிட்டால், அங்கே ஓர் எண்ணை மாற்றினால் போதும், படம் தானாக மாறிக்கொள்ளும்.

ஞாயிறு காலை களத்தில் முதலில் அறுத்த விதைநெல் கிடந்தது. ஓர் இலை அசையவில்லை. தூற்றுவதற்கு வைத்திருந்த பெரிய ஃபேனைப் போட்டதும் மடார் என்று ஒரு சத்தம். மோட்டாரைத் தாங்கும் பலகையைக் கறையான் தின்றிருந்தது. ஆசாரி ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"நான் வெட்டறேன் அத்தை!" என்று துள்ளினேன்.

அத்தை இருபது வருஷம் கொத்தனார்களோடு சித்தாள் வேலை செய்தவர். டேப்பை அவரே பிடித்து, களத்திலிருந்து குரல் கொடுத்தார்: "ஓட்டைக்கு ஓட்டை நாலு அங்குலம் அஞ்சு நூலு!"

நான்கரை. பட்டியலில் 4.5 என்று தட்டினேன். மிஷின் பாடிக்கொண்டே வெட்டியது. பலகையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினேன்.

முதல் போல்ட் போனது. இரண்டாவது போகவே இல்லை. வரதன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதே நேரம் அவர் போன் அடித்தது. ஆள் உத்திரமேரூர் தாண்டிவிட்டாராம்.

அத்தை பலகையை மோட்டாரோடு வைத்துப் பார்த்தார். "ஒரு நூலு கொறையுது. இன்னா போட்ட?"

"நீங்க சொன்ன நாலரைதான் அத்தை."

"நாலரையா? நாலரைக்கு நாலு நூலுதானேடி! எட்டு நூலு சேந்தாத்தான ஒரு அங்குலம்!"

ஐயோ! பத்து நூல் ஒரு அங்குலம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாருமே சொல்லவில்லை. பள்ளிக்கூடப் புள்ளிக் கணக்கில் நானாகவே முடிவு செய்துகொண்டேன். இவ்வளவு மென்பொருளை அலசினேனே, எட்டு நூலைக் கேட்டுக்கொள்ளத் தோன்றியதா?

"வேற பலகையும் இல்ல அத்தை," என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அத்தை விருட்டென்று உள்ளே போனார். தன் அலமாரியின் புடவைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, தட்டுப் பலகையை உருவிக்கொண்டு வந்தார். "இந்தா. அழுதுகினு நிக்காத."

4.5 ஐ அழித்து 4.625 என்று போட்டேன். நான்கு துளைகளும் தாமாகவே நகர்ந்து உட்கார்ந்தன. அந்த ஃப்ரீகேடைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. கால் மணி நேரத்தில் பலகை வந்தது. நான்கு போல்ட்டும் சுளுவாக இறங்கின.

வரதன் சுவிட்சைப் போட்டார். அத்தை முதல் முறத்தை உயர்த்திச் சரித்தார். பறந்த பதரெல்லாம் அப்போதுதான் வண்டியை நிறுத்தி இறங்கிய ஒருவர் முகத்தில் போய் அப்பியது.

"யாருப்பா நீ?" என்றார் அத்தை.

"தினேஷ்குமாருங்க," என்று அவர் தும்மினார். "மிஷினு எடுத்துக்கினு போவ வந்தேன்."

"உள்ளாண்ட கீது, பாத்துட்டு டீ குடிச்சிட்டு போ. குடுக்கறதுக்கில்ல."

வரதன் பதறினார். "அப்ப மூட்டைய எங்கம்மா வெக்கறது?"

அத்தை அடுத்த முறத்தை எடுத்தார். "ஷெட்டுல உன் புது பைக்கு நிக்குதே, அந்த எடத்துல."

வரதன் முனகிக்கொண்டே பைக்கை வெளியே தள்ளினார். தினேஷ்குமார்தான் பின்னாலிருந்து ஒரு கை கொடுத்தார்.