சேவலை வெட்டிய கை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. கடல்காற்று ஊசியாய்க் குத்துகிறது, அந்தப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஓர் அதிபரைத் தன் கையாலேயே செய்து நாற்காலியில் உட்காரவைத்தவளின் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடிக்கும்போது யார்மேல் கோபப்படுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவள் பெயர் யூலான். மேற்குக் கரையில் சேற்றில் மூங்கில் நட்டுச் சிப்பி வளர்க்கும் லாவ்போ ஊர்க்காரி. தம்பி ஆமோக் அந்தத் தொழிலோடு அங்கேயே இருந்துவிட்டான். இவள் தலைநகர் தைபேய்க்குப் போய்த் தேர்தல் வேலை கற்றுக்கொண்டாள். ஒரு கிராமத் தலைவருக்கு ஒலிபெருக்கி வண்டியில் கத்துவதற்கு வாசகம் எழுதிக் கொடுத்ததில் ஆரம்பித்தது. பிறகு மாவட்டத் தலைவர், பிறகு மேயர். எந்தச் சந்தையில் எந்தப் பாட்டியின் கையைப் பிடித்தால் தெரு முழுக்க ஓட்டு விழும், எந்தக் கோயிலில் முதல் ஊதுபத்தி ஏற்றினால் எந்தக் குலத்தார் மனம் இளகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தோற்றுப்போனவர்கள்கூட அடுத்த தேர்தலுக்கு அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள்.

அதிபர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட துவானும் அப்படித்தான் வந்தான். வக்கீல். நல்ல குரல், நல்ல உயரம். ஆனால் தெற்கத்தி ஜனங்களுக்கு அவனைப் பார்த்தால் பாங்கு மேனேஜரைப் பார்த்த மாதிரி இருந்தது. யூலான் யோசித்தாள். அவனைச் சைவமாக்கிவிட்டாள்.

நெஜமாகத்தான் சொல்கிறேன். அம்மா நோயில் கிடந்தபோது நேர்ந்துகொண்டு இறைச்சியை விட்டவர் என்று, பக்தி மிகுந்த தெற்கத்தி ஜனங்கள் மனம் இளக ஒரு கதை கட்டினாள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுத் தானே சொன்னாள். விருந்துப் பந்தலில் எல்லோருக்கும் வாத்து வரும்போது அவன் முன்னால் மட்டும் காளானும் தோஃபுவும் வரும்படி பார்த்துக்கொண்டாள். கையில் ஒரு ஜபமாலையும் ஏறிற்று. லாவ்போவில் அவன் சிப்பி தின்றான். எங்கள் பக்கத்தில் சிப்பியைச் சைவத்தில் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஊரே சிரித்துக்கொண்டு இன்னொரு தட்டு வைத்தது.

ஆனால் சிப்பி தின்றவனுக்கெல்லாம் லாவ்போ ஓட்டுப் போடாது. அந்தக் கடலைத் தூர்த்து எஃகு உருக்காலை கட்டப்போவதாகப் பல காலமாகப் பேச்சு. வருகிற வேட்பாளரெல்லாம் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவார், ஜெயித்ததும் மறந்துபோவார். ஆமோக் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டான்.

"மைக்ல சொல்றதெல்லாம் வேணாம்க்கா. செங்ஹுவாங் சாமி முன்னால சேவல் வெட்டச் சொல்லு. அப்ப நம்புறோம்."

செங்ஹுவாங் ஊர்க் காவல் தெய்வம். அவர் முன்னால் சேவலின் தலையை வெட்டிச் சத்தியம் செய்தவன் சொல் தவறினால், சேவலுக்கு வந்தது அவனுக்கும் வரும். கோர்ட்டில் பொய் சொல்கிறவனும் அங்கே சொல்ல யோசிப்பான். யூலானுக்கு அது பிடித்திருந்தது. பிறந்த ஊரின் கடலும் தப்பும், ஓட்டும் விழும். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வேலையும் மனசும் ஒரே பக்கம் நின்றன. தம்பியிடம், "நான் பொறுப்பு" என்றாள். அதுவரை அந்த வார்த்தையை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

சத்தியத்துக்குக் குறித்த நாள் காலை கோயிலுக்குப் போகும் காரில் துவான் ஜபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, நான் சைவமாச்சே."

"அதுக்கென்ன?"

"இத்தனை கேமரா முன்னால ஒரு உசிரை நான் எப்படி எடுக்கிறது? தெக்குல பாதி ஓட்டு போயிடுமே. நீங்கதான என்னைச் சைவமாக்கினீங்க."

 இதை எப்படி யோசிக்காமல் விட்டோம் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கார் கோயில் வாசலை நெருங்கிவிட்டது. பட்டாசுச் சத்தம் காதைப் பிளந்தது.

"நான் ஊதுபத்தி ஏத்தி வாக்குச் சொல்றேன். நீங்க எனக்காகக் கத்தியப் பிடிங்க. உங்க கைதானக்கா என் கையி" என்றான்.

அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது. பார்த்தீர்களா, ஊருக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுக்கிறவள், தனக்கு ஒருத்தன் சொன்னதும் அப்படியே நம்பிவிட்டாள். இந்தக் கடலைத் தூர்க்க விடமாட்டேன் என்று துவான் சொல்லச் சொல்ல அவள் வெட்டினாள். ரத்தம் அவள் சட்டையில்தான் தெறித்தது. ஊர் கைதட்டியது. ஆமோக் மட்டும் முகத்தைச் சுளித்து, யார் சத்தியம் இது என்று பக்கத்திலிருந்த ஒரு பெரியவரைக் கேட்டானாம். வெட்டிய கைக்குத்தான் சத்தியம் என்று அந்தப் பெரியவர் சொன்னாராம். கூட்டத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

துவான் ஜெயித்தான், மயிரிழையில். அந்தக் கரையோர ஓட்டுதான் தூக்கிவிட்டது. யூலான் அதிபரின் ஆலோசகர் ஆனாள். அதே மாடியில் அறை, வாசலில் காவல். முதல் வாரம் பழக்கதோஷத்தில் துவானைத் "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டாள். அவன் சிரித்தான். ஆனால் செயலாளர் வந்து, இனி அதிபர் என்றே அழைக்கவேண்டும் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். சரிதானே, முறை என்று ஒன்று இருக்கிறதே என்று அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவது குறைந்தது. புத்தாண்டு உரை எழுத மட்டும் கூப்பிட்டார்கள். அதையும் வேலைப்பளு என்று எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் ஆமோக் போன் செய்தான். சேற்றில் யாரோ சிவப்புக் கம்பம் நட்டு இடம் அளந்துகொண்டு போகிறார்கள், சிப்பி மூங்கில்களைப் பிடுங்கிப் போடுகிறார்கள், கேட்டால் அதிபர் மாளிகை அனுமதி என்கிறார்கள் என்றான். அவள் நம்பவில்லை. தவறுதலாக வந்திருப்பார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நேராக துவானின் அறைக்குப் போனாள்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வறுத்த வாத்து. தொடைக்கறியை எலும்போடு பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து மறைக்கக்கூட இல்லை.

"வாங்கக்கா. உக்காருங்க. சாப்பிடறீங்களா?"

"லாவ்போல கம்பம் நடறாங்களாமே."

"ஆமா. ஆலைக்கு இடம் வேற எங்கயும் கிடைக்கல. உங்க ஊர்தானே, நீங்களே போய் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லிட்டா நல்லது."

"சத்தியம் பண்ணியிருக்கோம், தம்பி."

அவன் விரலைத் துடைத்துக்கொண்டான். கோபமே இல்லை. 

"பண்ணியிருக்கீங்கக்கா. நான் வெட்டலையே."

அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குக் காரில் கேட்ட ஒவ்வொரு சொல்லும் திரும்பக் கேட்டது. ஊருக்குப் போய்ச் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் அவன் டிவியில் பேசினான். கையில் ஜபமாலை. உயிர்க்கொலை தன் வழியல்ல என்றும், வெற்றி ஆசையில் தன் ஆலோசகர் தன்னைக் கேட்காமல் சேவலை வெட்டிச் செய்த சத்தியம் அது, தான் ஊதுபத்தி ஏற்றிப் பேசியது மட்டுமே என்றும், அன்றே தடுக்காதது தன் பலவீனம் என்றும் சொன்னான். தழுதழுத்த குரல். எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கவேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாளோ அங்கேயே நிறுத்தினான். அவளைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டதாகக் கடைசியில் சொன்னான். அவள் அதை டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

விடுவாளா? பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டாள். அந்த ஆள் சைவமே இல்லை, நேற்று வாத்து தின்றதை என் கண்ணால் பார்த்தேன், அந்தச் சைவக் கதை நான் கட்டியது என்றாள். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவளை நெடுநாளாக அறிந்த ஒரு நிருபர் எழுந்தார்.

"நீங்க சொல்லித்தானம்மா நாங்க சைவம்னு எழுதினோம். அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? எதை நாங்க எழுதட்டும்?"

 அந்தக் கதையை அவள் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாள். நாடு முழுக்க அவளையும் துவானையும் தவிர எல்லோரும் அதை நம்பினார்கள்.

லாவ்போவுக்குப் போனாள். வேறெங்கே போவாள்? சிப்பி உடைக்கும் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. ஆமோக் பிடுங்கிப்போட்ட மூங்கில்களைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, சிப்பி உடைக்க வந்தியா? கத்தி பிடிக்கத்தான் உனக்கு நல்லா வருமே" என்றான்.

அவள் அழுதாள். அவன் மூங்கில் கட்டுவதை நிறுத்தவில்லை. அந்த ஆள் என்னை ஏமாற்றிவிட்டான் என்றாள்.

"உன்ன அவன் ஏமாத்தினான். எங்கள யாரு ஏமாத்தினது?"

அதற்குமேல் அவள் தன் நியாயத்தைப் பேசவில்லை. கோயிலுக்கு நடந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவள் ஊதுபத்தி ஏற்றிச் சாமியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். அத்தனை வருஷமாக அடுத்தவர் வாயில் வார்த்தை வைத்தவள், தன் வாயால் சொன்ன முதல் பிரச்சாரம் அது.

"வெட்டினது என் கை. அவனே டிவில சொல்லிட்டான், சத்தியம் என்னுதுன்னு. என்னுதுன்னா என்னுதுதான். இந்தக் கடலைத் தூர்க்க விடமாட்டேன். விட்டா சேவலுக்கு வந்தது எனக்கு வரட்டும்."

யாரும் கைதட்டவில்லை. மறுநாளிலிருந்து அவள் வீடு வீடாகப் போனாள். துவானுக்காக எப்படி நடந்தாளோ அப்படியே, எந்தக் கதவை எப்போது தட்டவேண்டும் என்ற அதே கணக்கோடு. பாதி வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மீதிப் பேர், அவள் பேச்சுக்காக இல்லாவிட்டாலும் தங்கள் மூங்கிலுக்காக வந்தார்கள்.

சிவப்புக் கம்பங்களுக்கு நடுவே போய் உட்கார ஊர் சேற்றில் இறங்கியபோது அவளை முன்னால் நடக்கவிட்டார்கள். மரியாதைக்கு என்று நினைக்காதீர்கள். சாமியின் கோபம் வந்தால் முதலில் அவள்மேல் விழட்டும் என்றுதான். அவளுக்கும் அது தெரியும். கூடவே யாரும் நடக்கவில்லை, ஒரு இடைவெளி விட்டே வந்தார்கள். கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. பிடுங்கவும் இல்லை, ஆலையும் வரவில்லை. ஜனங்கள் முறைபோட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். துவான் முகம் கொட்டகை டிவியில் வந்தால் யாராவது எழுந்துபோய் அணைத்துவிடுகிறார்கள். யூலான் எழுந்திருப்பதில்லை. அவன் எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவான் என்று அவளுக்கு இன்னும் தெரியும், அது காதில் விழாதிருந்தால் போதும் அவளுக்கு.

உங்கள் வீட்டில் சொன்ன சொல் சொன்னவரிடமே நிற்கட்டும், என் செல்லங்களா. உங்கள் சோற்றைத் தின்றவர் உங்கள் கையைத் தெரியாதென்று சொல்லாதிருக்கட்டும். வாசலில் விளக்கு எரியட்டும், அடுப்பில் கஞ்சி கொதிக்கட்டும், பிள்ளைகுட்டிகளோடு சுகமாக இருங்கள்.