ஐந்தாவது உறுப்பினர்

எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படிவம் தருவார்கள். அதில் இரண்டு கேள்விகள் என்னைக் குறிவைத்தே அச்சடித்ததுபோல இருக்கும். வெளித் தொண்டு அமைப்பு எதிலாவது உறுப்பினராக இருக்கிறீர்களா? அந்த அமைப்பால் உங்கள் குடும்பத்தினர் யாரேனும் பயன்பெறுகிறார்களா? ஒன்பது ஆண்டுகளாக இரண்டுக்கும் ‘ஆம்’ என்று எழுதி, அனுமதிக் கடிதத்தின் நகலையும் இணைத்துக் கொடுத்துவந்தேன். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அந்த அமைப்பு என் அண்ணன் நடத்தும் இல்லம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கானது. மொத்தம் பதினொரு கட்டில்கள், ஜன்னலோரக் கட்டில் எங்கள் தம்பிக்கு. அவனுக்காகத்தான் அண்ணன் அதைத் தொடங்கினார். பத்தொன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவனிடம் விட்டுவைத்தது கண்ணையும் புத்தியையும் மட்டும்தான். ஒருமுறை சிமிட்டினால் ஆம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை. படுத்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை வாங்குவதால் அவனுக்குத் துரை என்று பெயர். மாட்டிவிடும் சட்டையின் நிறம் பிடிக்காவிட்டால் துரை இரண்டு முறை சிமிட்டுவான். நாம் மாற்றும்வரை விடமாட்டான்.

இப்படிப்பட்ட இல்லங்களுக்கு உரிமம் புதுப்பிக்கும் பிரிவுக்கே எனக்குப் பதவி உயர்வு வந்தது. வினை அங்கேதான் தொடங்கியது. மூன்றாவது வாரம் அண்ணனின் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. தான் உறுப்பினராக உள்ள அமைப்பின் கோப்பை ஓர் அதிகாரி தொடக்கூடாது என்பது விதி. ‘நான் இதன் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன், வேறு அதிகாரிக்கு அனுப்பவும்’ என்று எழுதி அனுப்பினேன். அந்த வேறு அதிகாரியோ முதுகில் அறுவை சிகிச்சை என்று நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆளைப் போட ஆணை வரவேண்டும் என்றார்கள். கோப்பு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பழைய உரிமம் முடிய இருபது நாள்தான் இருந்தது. முடிந்துவிட்டால் பதினொரு பேரையும் அரசு மருத்துவமனைக்கு மாற்றியாக வேண்டும்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். உறுப்பினராக இருப்பதுதானே தடை, விலகிவிட்டால் நானே பார்க்கலாமே என்று நினைத்தேன். சட்டப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. இருபது வருட சர்வீஸ், எனக்குத் தெரியாத விதியா என்ற கொழுப்பு. விலகல் கடிதம் எழுதி, அதன் நகலைக் கோப்பில் சேர்த்து, கோப்பை எனக்கே அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. விலகினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் கோப்பை நான் தொடக்கூடாதாம். அடுத்த வரி அதைவிட மோசம். நிர்வாகக் குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும், நான் விலகியதால் இப்போது நாலு பேர்தான், ஆகவே விண்ணப்பம் செல்லாது. உள்ளதும் போச்சு.

அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் துரைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஸ்பூனைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“நீ விதியை மீறல. நானும் மீறல. அப்ப நான் யாரைத் திட்டுறது, சொல்லு?”

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஐந்தாவது உறுப்பினராக ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவரைப் பிடித்து மறுபடி விண்ணப்பிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. மூன்று ஆம்புலன்ஸ்கள் வந்தன.

மருத்துவமனையில் நாற்பது கட்டில் வார்டு. சிமிட்டலின் அர்த்தத்தைக் கொட்டை எழுத்தில் எழுதித் தம்பியின் தலைமாட்டில் ஒட்டினேன். சுவர் கழுவியபோது அது போய்விட்டது. மறுபடி ஒட்டினேன். நர்ஸ்கள் கெட்டவர்கள் இல்லை. நாற்பது பேருக்கு இரண்டு பேர், யாருக்கு ஒருவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம்? ஆறாம் நாள் அவனைப் புரட்டிப் பார்த்தேன். முதுகு புண்ணாகியிருந்தது. எத்தனை மணி நேரம், யார் யாரைப் பார்த்துச் சிமிட்டினானோ. பார்வை நேரம் முடியும் மணி அடித்தது. குனிந்து கேட்டேன்.

“அக்கா மேல கோபமாடா?”

ஒருமுறை சிமிட்டினான். இன்னொரு முறை சிமிட்டுவான் என்று பார்த்தபடியே நின்றேன். காவலாளி வந்து என்னை வெளியே போகச் சொல்லும்வரை நின்றேன்.

ஒன்பதாம் நாள் நுரையீரலில் சளி கட்டித் தம்பி போய்விட்டான். அதன்பின் பதினெட்டாம் நாள், பதிலாக வந்த அதிகாரி உரிமத்தில் கையெழுத்திட்டார். நல்ல மனிதர், கோப்பைப் பார்க்க அவருக்குக் கால் மணி நேரம்தான் பிடித்தது. பத்துப் பேர் இல்லத்துக்குத் திரும்பினார்கள். ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் இன்னும் யாரையும் சேர்க்கவில்லை.

போன வாரம் இந்த ஆண்டின் படிவம் வந்தது. உறுப்பினரா? இல்லை. குடும்பத்தினர் யாரேனும் பயன்பெறுகிறார்களா? பேனாவை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து, அதற்கும் இல்லை என்று எழுதினேன். எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இந்த வருஷம் உங்க ஃபாரம் சுத்தமா இருக்கு மேடம். இணைப்பு ஒண்ணும் வேண்டாம்.”